ஊசியா, மேடா?

நம் கல்லூரியின் இந்த இரங்கல் கூட்டத்தில் முதலில் என் வெட்கக்கேடு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இயற்பியல் குருசாமி சார் போய்விட்டார் என்று ராஜபாளையத்திலிருந்து போன் வந்ததும், அழுவதற்கு முன்னால் மதுரையில் அச்சகத்துக்கு ஓடினேன். அவர் பெயருக்கு முன் ‘டாக்டர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, ஐம்பது அஞ்சலி போஸ்டர் அடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். அவர் டாக்டர் பட்டத்தைக் கைநழுவவிட்ட கதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. ஆசை, போட்டுவிட்டேன்.

எண்பதுகளில் நாங்கள் இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரே பஸ்ஸில் ராஜபாளையம் கல்லூரிக்கு வருவோம். நான் தமிழ்த்துறை. அவர் விடுமுறை தோறும் சென்னை ஆய்வுக்கூடத்தில் லேசர் துடிப்புகளை அளந்துகொண்டிருந்தார். ஒரு நொடியை லட்சம் கோடித் துண்டாக்கினால், சில துண்டு நேரமே இருக்கிற வெளிச்சம்.

“எந்தக் கடிகாரத்துல பாப்பீரு?”

“கடிகாரமே கெடையாது தமிழய்யா. அதைவிடச் சின்னது நம்மகிட்ட எதுவுமில்ல. அதை வச்சே அதை அளக்கணும்.”

கண்ணாடியால் ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் சுற்றுவழியில் அனுப்புவாராம். பாதிக் குண்டூசிக் கனம் கூடுதலாக நடந்தால் ஒரு துண்டு தாமதம். இரண்டும் ஒரு படிகத்துக்குள் சந்தித்தால்தான் அது புது நிறத்தில் ஒளிரும். எவ்வளவு தாமதம் வரை ஒளிர்கிறதோ, அதிலிருந்து துடிப்பின் நீளம்.

“அப்போ நேரத்தை ஸ்கேல்ல அளக்கீரு?”

“இம்புட்டு நாள்ல இன்னைக்குத்தான் உருப்படியா ஒண்ணு கேட்டீரு.”

ஒரு ஜூனில், எவ்வளவு தாமதத்துக்கு எவ்வளவு ஒளிர்வு என்று குறித்த வரைபடத்தாளோடு வந்தார். அகலமான மேடு, உச்சியில் ஊசி. ஊசியின் அகலம்தான் துடிப்பு, ஆய்வேடு கொடுத்தாயிற்று, பட்டம் உறுதி என்றார். நான் பஸ் முழுக்கத் தம்பட்டம் அடித்து, பாராட்டு விழாவுக்குப் பூமாலைகூடச் சொல்லிவைத்தேன். ஆகஸ்டில், “விழாவை நிறுத்தும்” என்றார். தாறுமாறான இரைச்சல் ஒளியைப் பிரித்துச் சேர்த்தாலும் அந்த ஊசி முளைக்குமாம். மேடுதான் நிஜ நீளம்.

“யாரு கண்டுபிடிச்சா?”

“நான்தான்.”

“பொறவென்ன வே, வாயை மூடிட்டு இரும்!”

“மேடு கண்ணுக்குத் தெரியுதே.”

ஆய்வேட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அப்புறம் நான் மதுரைக்கு மாறினேன். பொங்கலுக்குப் பொங்கல் சந்திக்கும்போது நான் எதையாவது அளந்துவிட்டால், “ஊசியா, மேடா?” என்பார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வி ஒன்றைத்தான். பட்டத்தைப் பற்றி மட்டும், மனசு நோகுமே என்று, நான் வாயே திறந்ததில்லை.

காரியம் முடிந்ததும் போஸ்டருக்காக அவர் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“அதுல என்ன தப்பு அண்ணாச்சி? மேட்டையே திரும்ப அளந்து எழுதி, அஞ்சு வருசத்துக்கு முன்னாலயே பட்டம் வாங்கிட்டாவளே. நீங்க ஒரு வார்த்தை கேக்கலையேன்னுதான் அவியளுக்கு வருத்தம்.”

கல்லூரியில் உங்கள் எல்லோருக்கும் தெரியுமாம். மாலைகூடப் போட்டீர்களாம்.