உமாதேவி அழிக்காத புள்ளிகள்

தேனியை அடுத்த பழனிசெட்டிபட்டியில், கம்பம் சாலையை ஒட்டி உமாதேவி நடத்தும் ஜெராக்ஸ் கடைக்குள் நுழைபவர்களின் கண்ணில் முதலில் படுவது சுவரை மறைத்து அடுக்கிய கோப்புகள்தாம். மின்கட்டண ரசீது, அச்சுப்பொறிக்கு மை வாங்கிய பில், கடைப் பூட்டுக்கு மாற்றுச் சாவி போட்ட துண்டுச்சீட்டு என எதையும் அவள் எறிந்ததில்லை. "அக்கா, இதையெல்லாம் எடைக்குப் போட்டா இந்த மாச வாடகை தேறும்" என்று கேலி செய்பவர்களோடு சேர்ந்து அவளும் சிரிப்பாள். எடைக்கு மட்டும் போடமாட்டாள்.

அதற்குக் காரணம் இருந்தது. முன்பு அவள் போடியில் ஒரு ஏலக்காய் வணிகரிடம் வேலை பார்த்தாள். அன்றாட ஏல விலைகளை வரைபடமாக்கி முதலாளியின் மேசையில் வைப்பது அவள் பொறுப்பு. அந்த வேலையை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கைப்பேசியில் காணொளி பார்த்து, தப்பாக வரைந்து, திருத்தி வரைந்து, தானே தேறியவள். ஒருநாள் மேலாளர், தாம் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்ட சில மூட்டைகளை அந்த வரைபடத்திலிருந்து நீக்கிவிட்டார். முதலாளி கேட்டபோது பழியை உமாதேவியின் தலையில் போட்டார். அசல் தாளை நீட்டியபடி அவள் நெடுநேரம் நின்றாள். அதை வாங்கிப் பார்க்க ஒரு கையும் நீளவில்லை. வேலை போயிற்று. கணக்கை மாற்றியவள் என்ற பேச்சு, அவளுக்கு முந்திய பஸ்ஸைப் பிடித்துத் தேனிக்கு வந்து சேர்ந்திருந்தது. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே விதி: வரைபடத்தில் விழுந்த புள்ளியை எக்காரணம் கொண்டும் அழிப்பதில்லை.

அவள் கடைக்கு இரண்டு கடை தள்ளி சுந்தர்ராஜின் பைக் பட்டறை. ஐம்பதைத் தொட்ட மனிதர். பந்தய பைக் ஒன்றைத் தம் கையாலேயே கட்டி, சிறியதொரு அணி நடத்திவந்தார். பயிற்சி ஓட்டத்தின் நேரப்பட்டியலை நகலெடுக்க ஒருமுறை அவளிடம் வந்தார். எண்கள் நெருங்கிக் கிடந்த அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்து, "இதை வச்சு என்னண்ணே கண்டுபிடிப்பீக?" என்று கேட்டாள்.

"எது சின்ன நம்பரோ அதுல வட்டம் போடுவேன். வேறென்ன?"

"மத்த நம்பரெல்லாம் எதுக்கு வந்திருக்குன்னு கேக்க மாட்டீகளா?"

மறுநாள் அவர் மேசையில் ஒரு வரைபடம் இருந்தது. ஒவ்வொரு சுற்றும் ஒரு புள்ளி. கீழே இறங்கினால் வேகம், மேலே ஏறினால் தாமதம். ஓட்டுபவன் எந்தச் சுற்றில் சூடேறினான், எந்தச் சுற்றில் டயர் தளர்ந்தது, எங்கே கவனம் சிதறினான் என்பதெல்லாம் மலைச்சரிவுபோல் கண்ணெதிரே ஏறி இறங்கியது. அன்றே அவள் அந்த அணியின் ஆளாகிவிட்டாள்.

அணிக்கு ஓட்டுபவர்கள் இருவர், பைக்கோ ஒன்றுதான். ஒருவன் சின்னமனூர் மாரிசெல்வம். மற்றவன் சூரியபிரகாஷ், உமாதேவியின் உடன்பிறந்த தம்பி. பருவத்தின் கடைசிப் பந்தயத்துக்காக எல்லாரும் சென்னைக்கு வெளியே உள்ள தடத்துக்குப் போயிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மூன்று பயிற்சிகள். ஒவ்வொன்றிலும் பாதி நேரம் ஒருவன், மீதி நேரம் மற்றவன். மாலையில் வரைபடத்தைப் பார்த்து, பந்தயத்தில் இறங்கப்போவது யார் என்று முடிவு செய்வதாகச் சுந்தர்ராஜ் சொல்லியிருந்தார். உமாதேவியின் வீட்டில் எல்லாரும் அந்த ஒரு சொல்லுக்காகக் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

நேரப்பட்டியலில் பைக்கின் எண் மட்டுமே இருக்கும். எந்தச் சுற்றை யார் ஓட்டினார் என்பது இருக்காது. அதைக் குறிப்பது உமாதேவி. மாரிசெல்வத்துக்கு நீலம், தம்பிக்குச் சிவப்பு. முதல் பயிற்சி முடிந்ததும் மாரிசெல்வம் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே பல்லைக் காட்டினான்.

"அக்கா, நான் ஓட்டுனதைத் தம்பி கணக்குல சேத்துராதீக. போடி கதை எங்களுக்கும் தெரியும்."

அருகில் நின்றவர்கள் சிரித்தார்கள். உமாதேவியின் முகம் ஒரு கணம் வெளிறியது. பிறகு பேனாவை அவன் பக்கம் நீட்டினாள்.

"நல்லதாப் போச்சு. உன் சுத்துக்கு நேரா நீயே கையெழுத்துப் போடு. அவன் சுத்துக்கு அவன் போடட்டும். பட்டியலை வரைபடத்தோட சேத்துக் குத்தி வச்சிர்றேன். யார் வேணும்னாலும் எடுத்துப் பாத்துக்கிறலாம்."

அவன் கூச்சத்தோடு கையெழுத்திட்டான். அதன்பின் ஒவ்வொரு பயிற்சிக்கும் அதுவே வழக்கமாயிற்று.

இரண்டாவது பயிற்சி முடிந்தபோது நீலப் புள்ளிகள் இரண்டு நிமிடம் ஆறு நொடியில், ஒரு வரப்புப்போல் நேராகக் கிடந்தன. சிவப்புப் புள்ளிகள் எல்லாம் அதற்கு மேலே. கூட்டத்தைவிட்டு விலகி ஒரே ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் நீல வரிசைக்கும் கீழே தனித்துக் கிடந்தது.

"இது மெஷின் கோளாறு. எடுத்துரும்மா" என்றார் சுந்தர்ராஜ்.

"எடுக்க மாட்டேண்ணே. இது ஏன் இங்கன விழுந்துச்சுன்னு தெரிஞ்சாகணும்."

தடத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து நேரம் எடுப்பது வழக்கம். உமாதேவி மூன்றையும் தனித்தனியாக வரைந்து பார்த்தாள். முதல் இரண்டு பகுதிகளில் தம்பியை அணியில் மட்டுமல்ல, அன்று தடத்தில் ஓடிய எவராலும் நெருங்க முடியவில்லை. இழந்தது முழுவதும் கடைசிப் பகுதியில். பயம் என்றால் எல்லா வளைவிலும் தெரிய வேண்டும். பைக்கில் குறை என்றால் மாரிசெல்வத்துக்கும் இருக்க வேண்டும். அப்படியானால் கடைசிப் பகுதியில் அப்படி என்ன இருக்கிறது?

அவள் எழுந்து போய்ப் பார்த்தாள். கடைசி வளைவுக்கு எதிரே ஒரு குட்டைச் சுவர். மற்ற அணிக்காரர்கள் கையில் நிறுத்துக் கடிகாரத்துடன் அதன்மேல் சாய்ந்து நின்றார்கள். இரண்டாவது பயிற்சியின் முடிவில் மேகம் கறுத்துக்கொண்டு வந்ததும், மழைக்குப் பயந்து அவர்கள் எல்லாரும் கூடாரத்துக்கு ஓடியது அவளுக்கு நினைவு வந்தது. மழை வரவில்லை. சுவரில் ஆளில்லாத அந்த ஒரு சுற்றுதான் தனித்துக் கிடந்த சிவப்புப் புள்ளி.

அவளுக்குச் சட்டென்று மார்க்கையன்கோட்டை வீடும் அப்பா அழகரும் கண்முன் வந்தார்கள். மாட்டுவண்டிப் பந்தயத்தில் பூஞ்சிட்டு எனும் சிறிய மாட்டுப் பிரிவில் ஓட்டிப் பெயர் எடுத்தவர் அவர். பந்தயத்துக்கு முந்தின வாரம் மாட்டை ரோட்டில் ஓட்டிப் பழக்கும்போது, எதிரே ஆள் தென்பட்டால் கயிற்றை இழுத்துப் பிடித்துவிடுவார். எதிராளிக்கு நம் மாட்டின் ஓட்டம் தெரியக்கூடாது, ஊர்க்கண்ணும் படக்கூடாது. கம்பம் பள்ளத்தாக்கில் மாடு வளர்க்கும் எவரும் அப்படித்தான் செய்வார்கள்.

தம்பி டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, சுவத்துல ஆள் நின்னா மட்டும் ஏண்டா பிடிச்சு ஓட்டுற?"

அவன் பாட்டிலை இறக்கினான். முகத்தில் திருடன் அகப்பட்ட சிரிப்பு.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உன் புள்ளி சொல்லுச்சு."

"அக்கா, அங்கன நிக்கிறாகளே, அவுக எல்லாம் நம்ம கூட ஓடப்போறவுக ஆளுக. இன்னைக்கே காட்டிட்டா, நாளைக்குக் கடைசி வளைவுல வழி விடுவாகளா? அப்பா என்ன சொல்லுவாக? பழக்குறப்ப கயித்தை விடாதேன்னுதான?"

"அப்பா மாட்டுக்குச் சொன்னாக. அங்கன பழக்குனதுக்கு யாரும் மார்க் போடல. இங்கன இதைப் பாத்துத்தாண்டா உன்னை இறக்குறதா வேண்டாமான்னே முடிவு பண்ணப் போறாக. நீ சுவத்துல நிக்கிறவனுக்கு மறைக்கல. சுந்தர்ராஜ் அண்ணனுக்கு மறைச்சிருக்க."

சூரியபிரகாஷ் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினான். பிறகு, "நீ அண்ணன்கிட்டச் சொல்லேன்" என்றான்.

"நான் சொன்னா, அக்காக்காரி தம்பிக்காகக் கதை கட்டுறாம்பாக. மாரிசெல்வம் சொன்னதை நீயும் கேட்டேல்ல? இன்னும் ஒரு பயிற்சி இருக்கு. நீயே சொல்லு, பைக்கால."

மூன்றாவது பயிற்சிக்கு முன் சுந்தர்ராஜ் பைக்கின் முன்பக்கத்தை இறுக்கிச் சரிசெய்தார். "காலையில ஓடுனதை விட்ருவோம். வண்டி இப்பத்தான் சரியா இருக்கு. இந்த ஓட்டத்துச் சராசரியை வச்சே முடிவு பண்ணிக்கிறேன்" என்றார். மாரிசெல்வம் முதலில் இறங்கி ஆறு சுற்றும் ஓடி முடித்தான். அதே ஆறு நொடி, அதே வரப்பு.

அடுத்து சூரியபிரகாஷ். முதல் சுற்றிலேயே கயிற்றை விட்டுவிட்டான். கடைசி வளைவுக்கு அவன் வந்த வேகத்தைப் பார்த்துச் சுவரில் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். ஆனால் அந்த வேகத்தில் அந்த வளைவை, சுவரில் ஆளில்லாத அந்த ஒரே சுற்றில்தான் அவன் கண்டிருக்கிறான். எங்கே பிரேக் பிடிப்பதென்று கைக்குத் தெரியவில்லை. பைக் தடத்தைவிட்டு மண்ணில் இறங்கித் தடுமாறி ஏறியது. இரண்டாவது சுற்றிலும் அப்படியே. உமாதேவி கையிலிருந்த பேனாவை இறுகப் பற்றிக்கொண்டாள். மூன்றாவது சுற்றில் அவன் வளைவைப் பிடித்தான். அதிலிருந்து நான்கு சுற்றும் இரண்டு நிமிடம் ஐந்து நொடி. ஒரே இடத்தில், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நான்கு புள்ளிகள்.

மாலையில் கூடாரத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, அச்சிட்ட வரைபடத்தை அவள் விரித்தாள். கீழே அழகான நான்கு சிவப்புப் புள்ளிகள். உச்சியில், தாளைவிட்டு வெளியே விழப்போவதுபோல் இரண்டு. அவற்றையும் சேர்த்தால் தம்பியின் சராசரி இரண்டு நிமிடம் ஏழு நொடி. மாரிசெல்வத்துக்கு ஆறு.

மாரிசெல்வம் தானே முன்வந்து பட்டியலைக் கையில் எடுத்தான். ஒவ்வொரு எண்ணாக வரைபடத்தோடு ஒத்துப் பார்த்தான். பார்த்து முடித்ததும் அவன் குரலில் காலையிலிருந்த கேலி இல்லை.

"அக்கா, மண்ணுல இறங்குன சுத்தை யாரும் சேக்க மாட்டாக. எல்லா டீம்லயும் எடுத்துட்டுத்தான் பாப்பாக. அந்த ரெண்டையும் எடுத்துருங்க."

"எடுத்தா நீ வீட்டுக்குப் போகணும்டா" என்றார் சுந்தர்ராஜ்.

"தெரியும்ணே. காலையில நான் பேசுனது தப்பு. இதையாவது சரியாச் சொல்றேன்."

தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். எதிராளியே எடுக்கச் சொல்கிறான்; ஊர் வழக்கமும் அதுதான்; யாரும் ஒரு குறை சொல்லப்போவதில்லை. ஒரு விசையைத் தட்டினால் போதும், மார்க்கையன்கோட்டைக்கு நல்ல செய்தி போகும். உமாதேவியின் விரல் விசைமேல் இருந்தது. போடியில் அவள் நீட்டிய தாளும் அதை வாங்காத கைகளும் அவள் நினைவுக்கு வந்தன.

விரலை எடுத்துக்கொண்டாள்.

"மத்தவுக எடுப்பாக, சரி. வண்டி கோளாறுல இறங்கியிருந்தா நானும் எடுப்பேன். இது அவனுக்கு அந்த வளைவு பழகாததால இறங்குனது. நாளைக்குப் பந்தயத்துல இப்படி ரெண்டு தடவை இறங்குனா, அந்தச் சுத்தை யார் எடுத்துவிடப் போறா? இந்தப் படம் நடந்ததைச் சொல்லுது. முடிவு உங்களோடதுண்ணே."

சுந்தர்ராஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு அந்த நான்கு புள்ளிகளை விரலால் தொட்டுப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"நாளைக்கு மாரிசெல்வம் ஏறட்டும். சூரியா, இந்த நாலையும் நான் மறக்க மாட்டேன். அடுத்த தடவை முதச் சுத்துல இருந்தே எனக்கு இதைக் காட்டு."

சூரியபிரகாஷ் எழுந்து வெளியே போனான். அன்று இரவு அவன் அக்காவுடன் பேசவில்லை. வீட்டுக்கு அவளேதான் தகவல் சொன்னாள். மறுமுனையில் அழகர், "கயித்தை நான்தான் பிடிக்கச் சொன்னேன், ஆத்தா" என்றார். "போனை வையி. அவன் சாப்பிட்டானான்னு பாரு."

மறுநாள் பந்தயத்தில் மாரிசெல்வம் நான்காவதாக வந்தான். ஒவ்வொரு சுற்றிலும் குட்டைச் சுவரின்மேல் ஏறி நின்று அவனுக்கு நேரம் எழுதிய பலகையைத் தூக்கிக் காட்டியவன் சூரியபிரகாஷ்தான். கடைசி வளைவில் மாரிசெல்வம் பிரேக் பிடிக்கும் இடத்தை, கண் இமைக்காமல் ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டு நின்றான்.

தேனி திரும்பும் வழியில், வத்தலக்குண்டு தாண்டியதும், வேனின் பின்னிருக்கையிலிருந்து அவன் குரல் வந்தது.

"அக்கா."

"என்ன?"

"அந்த வெள்ளிக்கிழமைப் படத்தை எனக்குக் குடேன். மேல கிடக்குற ரெண்டையும் சேத்துத்தான். பீரோ கதவுல ஒட்டி வைக்கணும்."

ஊர் வந்து சேர்ந்ததும் உமாதேவி முதல் வேலையாகக் கடையைத் திறந்து எந்திரத்தைப் போட்டாள். அவன் கையில் கொடுத்தது நகல். கையெழுத்துகளோடு இருந்த அசல் கோப்புக்குள் போயிற்று.