டெஸ்ஸா தூங்கும் வீடு

பம்மலில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடக் காத்து நின்றேன். மேலே ஸ்பீக்கரில் அமெரிக்கப் பாடகி டெஸ்ஸா ரீட் பாடத் தொடங்கினாள். உடனே எனக்குக் கஞ்சி வடிக்கும் வாசம் வந்துவிட்டது.

இரண்டாயிரங்களின் நடுவில், நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது, அக்கா கால் சென்டரில் இரவு ஷிஃப்ட் பார்த்தாள். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அமெரிக்கர்களைப் போலப் பேசிப் பழக டெஸ்ஸாவின் சிடியைத் தேயத் தேயக் கேட்டாள். போனில் சொல்ல ஒரு வெள்ளைக்காரப் பெயர் வேண்டும் என்று கம்பெனியில் சொன்னார்கள். டெஸ்ஸா என்றே வைத்துக்கொண்டாள்.

காலையில் கம்பெனி வேன் இறக்கிவிட்டதும் வந்து படுப்பாள். விசில் சத்தத்தில் விழித்துவிடுவாள் என்று அம்மா குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டுப் பானையில் சோறு வடித்தாள். ஜன்னலுக்குக் கறுப்புப் போர்வை. அதையும் மீறி, பக்கத்தில் தோல் பதனிடும் ஷெட்டின் நாற்றம் மட்டும் உள்ளே வரும்.

ஒருநாள் காலையில், அக்கா வந்து நுழைந்ததுமே பேப்பரில் படித்ததைச் சொன்னேன். சின்ன வயதிலேயே பாட வந்து, ஊர் ஊராகக் கச்சேரி செய்து, உலகமெல்லாம் பெயர் வாங்கிய டெஸ்ஸா, களைத்துப்போய்விட்டேன் என்று மேடையிலேயே சொல்லிப் பாடுவதை விட்டுவிட்டாளாம்.

அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "டயர்டா இருக்குன்னு சொன்னா விட்டுடுவாங்களாம்மா?" என்றாள்.

அம்மா போர்வையை இழுத்து ஜன்னலை மூடினாள். "படுடி" என்றாள்.

பில் வரிசையில் நின்றபடியே, அக்காவும் இந்தப் பாட்டைக் கேட்கட்டும் என்று போனை எடுத்தேன். காலை மணி பதினொன்று. மேனேஜர் ஆகியும் அவளுக்கு இன்னும் இரவு ஷிஃப்ட்தான். தூங்கிக்கொண்டிருப்பாள். போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.