கேசட்டுக்குள் நாலே கேம்

பொங்கலுக்கு வீடு ஒட்டடை அடித்தபோது பரணிலிருந்து என் பழைய டி.வி. வீடியோ கேம் இறங்கியது. கூடவே மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட், மேலே ‘999 கேம்’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்தது. சொருகினால் படம் வரவில்லை, திரை முழுக்கக் கோடு கோடாக ஆடியது. பஞ்சு பறக்கிற திருப்பூரில் பிறந்தவனுக்கு இதற்கு வைத்தியம் தெரியாதா? கழற்றினேன், அடிப்பக்கத்தில் வாய் வைத்து ஊதினேன், கொஞ்சம் சாய்த்து அழுத்தினேன். பாட்டோடு வந்துவிட்டது.

பட்டியல் நீளமாக ஓடியது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது நாலே கேம். அதே துப்பாக்கிக்காரனுக்கு ஓரிடத்தில் சிவப்புச் சட்டை, இன்னோரிடத்தில் பச்சைச் சட்டை. சின்ன வயதில் இதற்காக அழுதிருக்கிறேன். இப்போது சிரிப்புத்தான் வந்தது. நம் நாட்டு அரசியலை இதைவிடச் சுருக்கமாக யாரால் சொல்ல முடியும் என்று தோன்றிவிட்டது.

வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த கதைதான். தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. காதர்பேட்டை மொத்தக் கடைகளுக்குப் பனியன் சரக்குப் போடப் போனால் அங்கே சொல்வேன், டீக்கடையில் சொல்வேன். “அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா கேசட்டைக் கழட்டறோமுங்க, ஊதறோமுங்க, மறுபடியும் அதையே சொருகறோமுங்க. லிஸ்ட்டுல ஆயிரம் பேரு, உள்ள நாலே கேமுங்க.” கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் பெரிய சிந்தனையாளன் என்று எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

நான் நடத்துவது பத்துப் பதினைந்து மெஷின் போட்ட சின்ன பனியன் கம்பெனி. அங்கே ஓவர்லாக் தைக்கும் ஒரு பெண்ணுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் லீவு கேட்டு வந்து நின்றாள்.

“ஓட்டுப் போட்டுட்டு ஓடியாந்துருதேன் அண்ணாச்சி. எங்கம்மா தெருவுக்கு இன்னும் குடிதண்ணிக் குழாயே வரல. தெரு மொத்தமும் ஓட்டுப் போட்டாத்தான் நாளைக்கு ஜெயிச்சவங்ககிட்ட போய் நின்னு கேக்க வாய் இருக்கும்.”

அந்த வாரம் எனக்கு ஷிப்மெண்ட். அவள் போனால் வேலை நின்றுவிடும். அதைச் சொல்லியிருக்கலாம், சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது கிளம்பியிருப்பாள். நான் கேசட் கதையைச் சொன்னேன். “எதைச் சொருகினாலும் அதே கேம்தானுங் கண்ணு. அதுக்கு எதுக்கு ராத்திரியெல்லாம் பஸ்ஸுல அல்லாடிட்டுப் போறே?” மெஷினில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டுப் போய் மெஷினில் உட்கார்ந்தாள்.

வாக்குப்பதிவு அன்று ஊரெல்லாம் சம்பளத்தோடு விடுமுறை. எங்கள் கம்பெனியில் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு உள்ளே மெஷின் ஓடியது. நான் விடிந்ததும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பூத்தில் போய் வரிசையில் நின்றேன். ஓட்டு வந்த வயதிலிருந்து ஒரு தேர்தலையும் விட்டதில்லை நான். ஊருக்குத்தான் உபதேசம். அங்கிருந்து நேரே கம்பெனிக்கு வந்து, ஷட்டருக்கு அடியில் குனிந்து நுழைந்து, அவள் தைத்துப் போட்ட பீஸை எடுத்துத் தையல் பார்த்தேன். வெள்ளைத் துணிமேல் என் விரல் மை பளிச்சென்று தெரிந்தது.

அவள் மெஷினை நிறுத்திவிட்டு அதையே பார்த்தாள்.

“போட்டாச்சா அண்ணாச்சி?”

“ஆமாங் கண்ணு” என்றேன். விரலைத் துணிக்கு அடியில் மடக்கிக்கொண்டேன்.

“நல்லது. ஒங்க தெருவுக்காவது நல்ல தண்ணி வரட்டும்.”

குத்திக்காட்டியிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். மனதாரத்தான் சொன்னாள். எங்கள் வீட்டில் சமையலறைக்கு ஒரு குழாய், வாசலுக்கு ஒரு குழாய். வாசல் குழாயில் நான் கார் கழுவுகிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அப்போது மணி ஒன்பதுகூட ஆகவில்லை. காரை எடுத்தால் பூத் மூடுவதற்குள் அவளை அவள் ஊரில் கொண்டுபோய் இறக்கிவிடலாம். அது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும், கேட்கவில்லை.

“அடுத்த பண்டலை எடுத்துக்கோ கண்ணு” என்றேன்.