காவலரணில் விட்ட பாஸ்

ஒஸ்லோவில் என் அலுவலகக் கணினியில் ஒரே கோப்புறைக்கு இரண்டு முகவரிகள். விண்டோஸ் அதை ஒரு பெயரால் அறியும். நான் நிறுவியிருக்கும் சிக்வின் வேறொரு பெயரால் அழைக்கும். சிக்வின் என்பது விண்டோஸுக்குள் யுனிக்ஸ் போன்றதொரு சூழலை உண்டாக்கும் கருவித்தொகுதி. யுனிக்ஸுக்கென எழுதப்பட்ட நிரல்களை அதிலே கம்பைல் செய்து, விண்டோஸில் ஓடவைப்பதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. ஆனால் அந்த நிரல் தனியாக ஓடாது. சிக்வினின் டிஎல்எல் என்ற துணைக்கோப்பு ஒன்று கூடவே போகவேண்டும். போன மாதம் நான் அதைச் சேர்க்காமல் அனுப்பியதால், வாடிக்கையாளரிடம் நிரல் திறக்கவே மறுத்தது. பக்கத்து மேசை லார்ஸ் சிரித்தான். ஒரு கோப்புத்தானே, அனுப்பிவிட்டால் முடிந்தது என்றான்.

அன்று காலைதான் எங்கள் ஊர் நாரந்தனையிலிருந்து அண்ணையின் மனைவி ரெஜினா மச்சாள் அழைத்திருந்தா.

போர் திரும்ப மூண்டபின், எங்கள் தீவில் கடற்தொழிலுக்குப் போகிறவர்கள் கரையிலுள்ள படையினரின் காவலரணில் மீன்பிடி அனுமதிப் பாஸைக் கொடுத்துவிட்டுத்தான் வள்ளத்தைத் தள்ளலாம். திரும்பி வந்து அங்கேயே வாங்கவேண்டும். முந்தியும் இதே முறைதான். நான் ஊரிலிருந்த காலத்தில், பெயர் கூப்பிட்டபோது பதில் சொல்லப் பிந்திய ஒருவரைத் துவக்குப் பிடியால் முகத்தில் அடித்ததைக் கண்டிருக்கிறேன். அவர் பல்லைத் துப்பிவிட்டு, பாஸை இரண்டு கையாலும் நீட்டினார்.

இம்முறை அண்ணை கடலில் நின்றபோது காவலரணில் குண்டு வெடித்தது. பாஸ்களை வைத்திருந்த சிப்பாய் செத்துப்போனான், பாஸ்களும் எரிந்துபோயின. மற்ற வள்ளங்கள் வேறு கரைக்குத் திரும்பின. அண்ணை மட்டும் நேரே அங்கு வந்தார். பாஸ் இல்லாமல் வீட்டுக்கு நடந்தால் வழியில் சுடுவார்கள் என்பது அவருடைய கணக்கு. புகை அடங்காத இடத்தில் நின்று தன் பாஸைக் கேட்டிருக்கிறார். முழங்காலில் இருத்தி இரும்புக் குழாயால் அடித்தார்கள். வலது கை முறிந்தது, தாடை உடைந்தது. செத்தவனின் சிநேகிதன் களைக்கும்வரை அடித்தான். பிறகு அங்கேயே குந்தியிருந்து அழுதானாம்.

இதை லார்ஸிடம் சொன்னேன். "திருப்பிக் கேட்கப் போகாமல், பொலிசில் புதிதாக ஒன்று எடுத்திருக்கலாமே?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டான். விளங்கப்படுத்த எனக்கு நோர்வேஜிய மொழி காணாது என்று சமாளித்தேன். உண்மையில் அதற்கு என் மொழி காணும்.

சில நாள் கழித்து, திருத்திய நிரல் வாடிக்கையாளரிடம் ஓடிய அன்று மத்தியானம் அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து மச்சாளின் அழைப்பு.

"அவராலை கதைக்க ஏலாது, தாடையைக் கம்பியாலை கட்டிக்கிடக்கு. நீர் கேளும். ஓம் எண்டால் போனிலை ஒருக்காத் தட்டுவார், இல்லையெண்டால் ரெண்டுதரம்."

நோகுதோ என்று கேட்டேன். ஒரு தட்டு. கை சுகமானதும் பாஸ்போட் எடுங்கோ, மிச்சத்தை நான் பார்க்கிறன், இஞ்சை வந்திடுங்கோ என்றேன். கம்பிகளுக்கிடையால் மூச்சு சீறுவது மட்டும் கேட்டது. பிறகு, இரண்டு தட்டு.

"அப்ப நான் அங்கை வரட்டோ, அண்ணை?"

நான் கேட்டு முடிக்கமுதலே இரண்டு தட்டு. பிறகும் அதையே திரும்பத் திரும்பத் தட்டினார்; முறிந்த கையாலா என்று தெரியவில்லை. லார்ஸ் என் பெயரைச் சொல்ல எல்லாரும் கை தட்டத் தொடங்கினார்கள். ஒரு காதில் அது, மறுகாதில் இது. கேக் துண்டைப் பிடித்தபடி, எல்லாரையும் பார்த்துத் தலையசைத்துக்கொண்டு நின்றேன்.