முதுகுள்ள சட்டை

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் கடையில் வாங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு திருகோணமலையில் இருக்க முடியாது. கண்ணாடிக்குள் தொங்கும்போது அழகாகத்தான் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு துறைமுக வீதியில் பஸ்ஸுக்கு நின்றால் புட்டு அவிக்கிற மாதிரி ஆளை அவித்துவிடும். அதனால் சித்திரை பிறந்ததும் நானும் தங்கையும் கடைத்தெருவுக்குப் போய்ச் மெல்லிய சீத்தைப் பருத்தித் துணி வாங்கி வருவோம். முழங்காலுக்குக் கீழே இறங்கும் சட்டை. தைப்பது நான். குறை சொல்வது அவள். பொக்கற் சின்னது, கழுத்து மேலே ஏறிவிட்டது, பூட்டுகிற தெறியின் நிறம் பொருந்தவில்லை என்று ஏதாவது ஒன்று இருக்கும். பிறகு அதே சட்டையைக் கிழியும்வரை போடுவாள்.

என் கணவர் இறந்த பிறகு நான் அம்மா அப்பா விட்டுப்போன வீட்டுக்கே திரும்பி வந்திருந்தேன். தங்கை கலியாணம் கட்டாமல் அங்கேயே இருந்தாள். துறைமுகத்துக்குள் ஒரு கந்தோரில் எழுத்து வேலை. இரண்டு பேருக்கும் ஒரே உடம்புவாகு. துணியை இரண்டாகப் போட்டு, மேலே என் பழைய சட்டை ஒன்றை விரித்து, ஒரே வெட்டில் இரண்டு சட்டையையும் வெட்டிவிடுவேன். அளவு நாடா தையல் மெசின் லாச்சிக்குள் சும்மா கிடந்தது.

பிறகு அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. கொழும்பில் வெட்டி எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள், தலைமயிர் கொட்டியது, திரும்ப முளைத்தது. இனிப் பயமில்லை என்று நாங்கள் மூச்சுவிட்ட நேரத்தில் அது ஈரலில் வந்து உட்கார்ந்துகொண்டது. இனி மாதக்கணக்குத்தான் என்று டொக்டர் அவளிடமே நேராகச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் நன்றாக நித்திரை கொண்டாள். நான்தான் யன்னலைப் பார்த்துக்கொண்டு வழி முழுக்க எல்லோரையும் மனசுக்குள் திட்டிக்கொண்டு வந்தேன், கடவுளையும் சேர்த்து.

அந்த வருடமும் துணி வாங்கினோம். வெள்ளையில் நீலப் பூப் போட்ட சீத்தை. வழக்கம்போல இரண்டாக மடித்து விரித்தேன். அவள் கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்ர சட்டையை என்ர அளவுக்கு வெட்டுங்கோ அக்கா. பின்னால கழுத்திலயிருந்து கீழ்வரைக்கும் திறந்து தெறி வையுங்கோ.”

பின்பக்கத் தெறி எங்கள் இரண்டு பேருக்குமே பிடிக்காது. சாய்ந்தால் குத்தும், தனியாகப் பூட்டவும் முடியாது. யார் உனக்குப் பூட்டிவிடுவது என்று எரிச்சலோடு கேட்டேன். நீங்கள்தான் என்றாள். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. அவளே விளங்கப்படுத்தினாள்.

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் கலியாணமாகாத பெண் இறந்தால் மணப்பெண்ணாகச் சோடித்துத்தான் பெட்டிக்குள் வைப்பார்கள். வெள்ளை நீளச் சட்டை, தலைக்கு நெற் முக்காடு, கைக்கு உறை, துணிப்பூவில் கட்டிய கிரீடம். எத்தனை வயதானாலும் இதுதான் வழக்கம். எங்கள் தெருவில் கலியாணம் கட்டாமல் தனியாக இருந்த ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் முந்தின வருடம் இறந்தபோது, சோடிக்க உதவிக்குப் போனவள் என் தங்கை. பிரேதத்தைச் சோடித்துக் கொடுக்கும் மலர்ச்சாலையில் தரும் அந்த வெள்ளைச் சட்டைக்கு முன்பக்கம் மட்டும்தான் இருக்கிறது என்று அன்றுதான் கண்டிருக்கிறாள். விறைத்த உடம்புக்கு முழுச் சட்டை போடுவது கஷ்டம். அதனால் கைகளை மட்டும் நுழைத்து, முன்பக்கத்தை மேலே விரித்து, ஓரங்களை உடம்புக்குக் கீழே செருகிவிடுவார்கள். பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியாது. ரீச்சர் வெறும் முதுகோடு போய்ச் சேர்ந்தார்.

“கலியாணம் வேண்டாமெண்டுதான் இருந்தனான்,” என்றாள் தங்கை. “செத்தாப்பிறகு எனக்குக் கட்டி வைக்காதேங்கோ. வெயிலுக்குப் போடுற சட்டையோடயே போறன். ஆனா எனக்கு முதுகும் வேணும்.”

எனக்குக் கோபம் வந்தது. எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். விசர்க்கதை கதைக்காதே என்று கத்திவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன். அங்கே செய்ய ஒரு வேலையும் இருக்கவில்லை. கழுவி வைத்த பாத்திரங்களைத் திரும்பக் கழுவினேன். வந்து பார்த்தால் அவள் லாச்சியைத் திறந்து நாடாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

அளந்தேன். அவள் கைகளை அகட்டிக்கொண்டு நின்றாள். தொளதொளத்த உடுப்புகளுக்குள் எவ்வளவு கரைந்துபோயிருக்கிறாள் என்பதை அன்றைக்கு நாடா சொன்னது. இடது பக்கம் தட்டையாக இருந்தது. வெட்டி எடுத்த தழும்பின்மேல் நாடாவை அழுத்தாமல் வைத்து அளவு எடுத்தேன். ஆனால் வெட்டும்போது நான் எல்லா இடத்திலும் அளவைக் கூட்டித்தான் வெட்டினேன். சதை பிடித்தால் இறுக்கும் என்று அவளிடம் சொன்னேன். உடம்பு தேறி வருகிறவர்களுக்கு அப்படி விட்டுத்தான் தைப்போம். அவள் துணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் குறை சொல்லாமல் வாங்கிக்கொண்ட ஒரே சட்டை அதுதான்.

பெட்டிக்கென்று தைத்ததை அலுமாரியில் பூட்டி வைப்பாள் என்று நினைத்திருந்தேன். அவளோ அடுத்த நாளே போட்டுக்கொண்டாள். கச்சான் வீசிய மாதங்கள் முழுக்க அதுதான். கோயிலுக்கும் அதோடுதான் வந்தாள். காலையில் நான் பின்னால் நின்று தெறிகளைப் பூட்டுவேன். தெறி குத்தாமல் இருக்கக் கதிரையில் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டு, தெருவில் திரிந்து கேற்றுக்குள் வந்துவிடும் ஊர் மான்களுக்கு வாழைப்பழத் தோல் போடுவாள். அந்த நேரங்களில் அவளைப் பார்த்தால் டொக்டருக்குத்தான் கணக்குப் பிழைத்துவிட்டது என்று தோன்றும். தோய்க்கத் தோய்க்க நீலப் பூக்கள் வெளிறிக்கொண்டு வந்தன.

உப்புவெளியில் இருக்கும் எங்கள் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். பெட்டிக்குள்ளும் இந்தச் சட்டைதான் என்று அவரிடம் அவளே சொன்னாள். அவர் கேட்காத மாதிரிப் பேப்பரை விரித்துக்கொண்டார். போகும்போது கேற்றடியில் என்னைப் பிடித்துக்கொண்டு, பாவித்த வீட்டுச் சட்டையோடு பெட்டிக்குள் வைத்தால் சனம் என்ன கதைக்கும், ஒரு வெள்ளைச் சட்டைக்குக்கூட வக்கில்லாத குடும்பம் என்று சொல்லாதா என்று கேட்டார். அண்ணன் கெட்டவர் இல்லை. கொழும்புக்கு அவளை ஒவ்வொரு முறையும் கூட்டிக்கொண்டு அலைந்தவர். ஆனால் அவருக்குக் கடவுளைவிடச் சனத்துக்குப் பயம்.

மாரி மழைக்கு முன்னமே அவள் படுக்கையோடு ஆகிவிட்டாள். பிறகு அந்தச் சட்டை போட முடியவில்லை. தோய்த்து, சுருக்கம் போக மினுக்கி, அவளுக்குத் தெரிகிற மாதிரிக் கட்டில் காலடியில் மடித்து வைத்தேன். கதைக்க முடிந்த கடைசி நாளில் என் மணிக்கட்டைப் பிடித்தாள். “அண்ணா வேண்டாமெண்டுதான் சொல்லுவார். நீங்கள் விடாதேங்கோ.” ஓம் என்றேன்.

அவள் ஒரு காலையில் இறந்தாள். மலர்ச்சாலைக்காரர்கள் வந்து கொண்டுபோனார்கள். பின்னேரம் சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு நான் அங்கே போனபோது, அண்ணன் முன் மண்டபத்தில் நின்றார். அவர் கையில் வெள்ளைச் சட்டை, உறை பிரிக்காமல் இருந்தது. அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது. அவள் சின்னப்பிள்ளை மாதிரி ஆசைப்பட்டுச் சொன்னது, இப்போது அவளுக்கென்ன தெரியப்போகிறது, மானத்தோடு அனுப்பிவைப்போம் என்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அறைய வேண்டும் போலவும் இருந்தது.

“நீங்கள் பெட்டியைப் பாருங்கோ அண்ணா,” என்றேன். “அவளுக்கு உடுப்பு நான்தான் தைக்கிறனான்.”

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அண்ணன் தட்டினார், என் பெயரைச் சொன்னார், பிறகு தட்டவில்லை.

அறைக்குள் உதவிக்கு ஒரு பெண் இருந்தார். முதுகு முழுவதும் திறந்த சட்டையைப் பார்த்ததும், இது போடுறது லேசு என்று மட்டும் சொன்னார். முன்னாலிருந்து கைகளை நுழைத்தோம். அவர் அவளைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்துக்கொண்டார். நான் கழுத்திலிருந்து கீழ்வரைக்கும் தெறிகளைப் பூட்டினேன். பூட்டி முடித்துப் பார்த்தால் சட்டைக்குள் ஆளே இல்லை. தேறி வருவாள் என்று நான் விட்ட துணியெல்லாம் அப்படியே கிடந்தது. இதைப் பார்த்தால் அண்ணன் சொன்னதுதான் சரி என்று வருகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அவள் விட்டுப்போன ஒரே ஒரு ஆசை என் கையால் கோணலாகிவிடும்.

அந்தப் பெண்ணிடம் ஊசியும் வெள்ளை நூலும் வாங்கினேன். இரண்டு பக்கமும் துணியைச் சேர்த்துப் பிடித்து, உடம்பில் இருந்தபடியே தைக்கத் தொடங்கினேன். வலது பக்கம் நேராக வந்தது. இடது பக்கம், தழும்புக்குக் கீழே வரும்போது கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டது. ஊசி துணியைத் தாண்டித் தோலுக்குள் போனது. பதறிப்போய் வெளியே இழுத்தேன்.

“நொந்திட்டுதே பிள்ளை?” என்று தங்கையைக் கேட்டேன்.

அவள் ஏதாவது குறை சொல்வாள் என்று ஊசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு மிச்சத்தையும் தைத்தேன்.