எல்லாருக்கும் புரிஞ்சுதா?

கணக்கு டீச்சருக்கு மாணவர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் எக்ஸ்பிரஸ். அது அவருக்கும் தெரியும். உள்ளூரப் பெருமைதான். மற்றவர்கள் பாதிப் பாடத்தில் திணறிக்கொண்டிருக்கும்போது அவருடைய போர்ஷன் முடிந்திருக்கும். வகுப்பில் ஓரிடத்தில் நிற்க மாட்டார். எழுதிக்கொண்டே பேசுவார், பேசிக்கொண்டே கடைசி பெஞ்சு வரை போவார், திரும்பி வருவதற்குள் ஒரு கேள்வி கேட்டு அதற்குப் பதிலும் சொல்லியிருப்பார். "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்பார். "புரிஞ்சுது டீச்சர்!" என்று கூரை அதிரும். உடனே அடுத்த கணக்கு.

வீட்டிலும் அதே ஓட்டம்தான். கணவர் லிஃப்ட் மெக்கானிக், அதிகம் பேசாத மனுஷர். "டீ போடட்டுமா, வேணாமா, சரி, அரை டம்ளர் போடறேன்" என்று டீச்சரே கேட்டு டீச்சரே முடித்துவிடுவார். அவர் தலையாட்டுவதோடு சரி.

அந்த வருஷம் ஆசிரியர்கள் எல்லோருக்கும் டிஜிட்டல் வகுப்பறைப் பயிற்சி கட்டாயம் என்று உத்தரவு வந்தது. பள்ளி விட்டபின் கம்ப்யூட்டர் அறையில் நடக்கும். சொல்லிக்கொடுக்க வந்த பெண்ணுக்கு வயது குறைவு, பொறுமை நிறைய. எக்ஸ்பிரஸ் டீச்சரிடம் அந்தப் பொறுமையில் பெரும்பகுதி செலவானது.

"மேடம், கொஞ்சம் பொறுங்க. அது லோட் ஆகுது."

"எவ்வளவு நேரம்தான் ஆகும்?"

"நீங்க அழுத்த அழுத்த அது முதல்லேருந்து ஆரம்பிக்கும்."

பக்கத்திலிருந்த அறிவியல் சார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பயிற்சியில் ஒரு வாக்கெடுப்புக் கருவி இருந்தது. மாணவர்கள் கையிலிருக்கும் டேப்லெட்டில் பட்டனைத் தொட்டால் டிஜிட்டல் போர்டில் பட்டை உயரும். புரிந்தது என்றால் பச்சை, புரியவில்லை என்றால் சிவப்பு. யார் எதைத் தொட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் ஒரு வகுப்பில் இதைச் செய்து பார்த்து, கடைசி நாளன்று அதிகாரிகள் முன்னால் விளக்க வேண்டும்.

டீச்சர் எட்டாம் வகுப்பில் செய்தார். பாடம் சமன்பாடு. வழக்கமான வேகத்தில் நடத்திவிட்டு, வழக்கமான கேள்வியைப் பட்டனில் கேட்டார். பச்சை கொஞ்சம் எழும்பி நின்றது. சிவப்பு ஏற ஆரம்பித்தது. ஏறிக்கொண்டே போய்ப் பச்சையைத் தாண்டியது.

"யாரும் விளையாடக் கூடாது. மறுபடி போடுங்க."

மறுபடி போட்டார்கள். சிவப்பு இன்னும் உயர்ந்தது. ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று மாலை பயிற்சியாளரை வராந்தாவிலேயே மடக்கினார். "அந்தக் கருவியில ஏதாவது கோளாறு இருக்குமா?"

"இல்ல மேடம். பேரு தெரியாதுன்னா பிள்ளைங்க உள்ளதைச் சொல்லிடும்."

"அப்ப இத்தனை வருஷமா?"

அந்தப் பெண் பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள்.

அதன்பிறகு டீச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மடித்த துணியை உதறி மறுபடி மடித்தார். டிவியைப் போட்டார், அணைத்தார். தலைவலி மாத்திரை வாங்கப் போன மருந்துக்கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்றிருந்தது அவருடைய பழைய மாணவி. எப்போது பார்த்தாலும் "உங்க கிளாஸ் மாதிரி வராது டீச்சர்" என்பவள். இந்தத் தடவை அவள் வாயைத் திறக்குமுன் டீச்சர் முந்திக்கொண்டார்.

"உனக்குச் சமன்பாடு புரிஞ்சுதா அப்போ?"

அவள் சிரித்துவிட்டாள். "இப்ப எதுக்கு டீச்சர் அதெல்லாம்?"

"சொல்லு."

"உண்மையைச் சொல்லணும்னா... இல்ல டீச்சர். நீங்க அவ்வளவு சந்தோஷமா நடத்திட்டிருப்பீங்க. அதைப் போய் எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுடுவோம்."

மாத்திரையை மறந்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் அதே வகுப்பில், அந்தக் கருவியிலேயே பேர் தெரியாமல் பதில் எழுதும் பெட்டியைத் திறந்து, "எங்க விட்டுப்போச்சு? எழுதுங்க" என்றார். வரிகள் ஒவ்வொன்றாய்ப் போர்டில் விழுந்தன. 'அந்தப் பக்கம் போனா பிளஸ் ஏன் மைனஸ் ஆகுது?' 'யோசிக்கறதுக்குள்ள அடுத்த கணக்கு வந்துடுது.' 'நீங்களே கேக்கறீங்க, நீங்களே பதில் சொல்றீங்க.' 'எனக்கு எதுவுமே புரியலை, பயமா இருக்கு.' 'இன்னிக்கு விளையாட்டு பீரியட் உண்டா?'

கடைசி வரிக்கு வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்தார், ஆனால் கண் அதற்கு முந்தைய வரியை விட்டு நகரவில்லை.

போர்டில் x + 5 = 12 என்று எழுதினார். "சரி. பிளஸ் ஏன் மைனஸ் ஆகுது? நீங்க சொல்லுங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

அவர் வாழ்க்கையில் அதைவிட நீளமான நேரம் இருந்திருக்காது. பதில் நாக்கு நுனியில் நின்று குதித்தது. ஜன்னலைத் திறந்தார், மூடினார். விரல்களைப் பின்னால் கோர்த்து இறுக்கிக்கொண்டார். கால் தானாகக் கடைசி பெஞ்சுக்குக் கிளம்பியது, பிடித்து நிறுத்தினார்.

"அது அப்படித்தான் ரூல், டீச்சர்" என்றான் ஒருவன்.

இன்னும் சும்மாயிருந்தார்.

"இல்லடா" என்றாள் நடு வரிசையிலிருந்து ஒருத்தி. "எதுவும் அந்தப் பக்கம் போகவே இல்ல. ரெண்டு பக்கத்திலயும் அஞ்சைக் கழிக்கிறோம். இங்க பிளஸ் அஞ்சு காணாமப் போகுது, அங்க மைனஸ் அஞ்சு வந்து நிக்குது. பாக்கறதுக்குத் தாவின மாதிரி இருக்கு."

பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அந்த பீரியடில் ஒரே ஒரு கணக்குதான் முடிந்தது. டீச்சருக்கு மகிழ்ச்சியும் பதற்றமும் சேர்ந்தே வந்தன. போர்ஷன் என்ன ஆவது?

விஷயம் தலைமை ஆசிரியர் காதுக்குப் போயிற்று. அழைத்தார்.

"கடைசி நாளைக்கு அதிகாரிங்க வர்றாங்க, மேடம். அந்தச் சிவப்பெல்லாம் நமக்கு வேணாம். பசங்ககிட்ட முன்னாடியே சொல்லிவச்சு, பச்சையா ஒண்ணு எடுத்துடுங்க."

"பாக்கறேன் சார்."

உண்மையிலேயே பார்த்தார். பச்சையில் ஒன்று எடுக்கவும் செய்தார். பிள்ளைகள் சொன்னபடி தொட்டார்கள். அந்த நெட்டைப் பச்சையைப் பார்க்க அவருக்கே கூச்சமாக இருந்தது. கடைசி நாள் மேடையேறும்வரை எதைக் காட்டுவது என்று முடிவாகவில்லை. மைக்கைப் பிடித்ததும் விரல் சிவப்பைத்தான் திறந்தது.

தலைமை ஆசிரியர் இருமினார். பெரிய அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இதுக்கப்புறம் என்ன பண்ணீங்க?" என்றார்.

நடந்ததை அப்படியே சொன்னார், மருந்துக்கடைப் பெண் சொன்னதையும் சேர்த்து. அவையில் யாரோ சிரித்தார்கள், பலர் சிரிக்கவில்லை.

"போர்ஷன்?"

"பின்னாடி கிடக்கு சார்."

பயிற்சிச் சான்றிதழ் எல்லோருக்கும் போல அவருக்கும் கிடைத்தது. பாராட்டு யாரும் சொல்லவில்லை. பரீட்சையில் அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. வழக்கமாகக் கணக்கில் கோட்டை விடுபவர்களில் சிலர் கரையேறினார்கள், முன்வரிசைக்காரர்களின் பெற்றோர் இரண்டு பேர் வந்து வகுப்பு மெதுவாகப் போகிறது என்று முறையிட்டார்கள். அடுத்த வருஷம், அதுவரை அவர் எடுத்துவந்த பத்தாம் வகுப்பை அவரிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அது வலித்தது. "எனக்கா மெதுன்னு பேரு?" என்று வீட்டில் பொருமித் தீர்த்தார். கணவர் கேட்டுக்கொண்டார்.

ஒருநாள் மதியம் ஆசிரியர் அறைக்குள் அறிவியல் சார் வந்தார். நேராகப் போய் நாற்காலியில் விழுந்தார். கையில் டேப்லெட் இருந்தது.

"நானும் இன்னிக்குப் போட்டுப் பாத்தேன், மேடம்."

"சிவப்பா?"

"முழுக்க."

"எந்தப் பாடம்?"

"உராய்வு. எனக்கு ரொம்பப் பிடிச்ச பாடம்."

டீச்சர் அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.