நான் அண்ணனாக்கிய கதாநாயகன்

எங்கள் குடும்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த முதல் ஆள் நான். கதை சொல்ல மகள் இருக்கிறாள் என்ற பெருமையில், அம்மா தன் பனியன் கம்பெனித் தோழிகளை இங்கிலீஷ் படத்துக்கு அழைத்து வந்தார். எனக்கோ ஒரு வசனமும் பிடிபடவில்லை.

"அவன் அவளுக்கு அண்ணனுங்க" என்று கதாநாயகனைக் காட்டித் துணிந்து சொன்னேன். "அண்ணனை இப்படியா பார்ப்பா? இந்த நடிகைக்கு நடிக்கவே தெரியலீங்க" என்று குறையும் சொன்னேன்.

இடைவேளைக்குப் பிறகு இருவரும் முத்தமிட்டார்கள். எங்கள் வரிசையே என் பக்கம் திரும்பியது.

"ஏனுங்க, அண்ணன்னு சொல்லுச்சுங்களே உங்க புள்ள?"

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கூட வளந்ததால அண்ணன்னு நெனச்சிருந்தாளுங்க. அத்தை மகன்னு இப்பத்தான் தெரிஞ்சுது."

"அப்ப முறைதானுங்க" என்று எல்லோரும் நிம்மதியாகச் சாய்ந்தார்கள்.

அந்த நடிகை முதல் காட்சியிலிருந்தே சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். ஆள் தேர்வில் கோட்டைவிட்டது நான்தான். இப்போது எனக்கு இங்கிலீஷ் படம் ஓரளவு புரிகிறது. ஆனாலும் யாராவது கதை கேட்டால் அம்மாவைக் கைகாட்டிவிடுகிறேன்.